நாற்றங்காலில் தொடங்குங்கள்: பயிரின் பாக்டீரியா நோய்களுக்கு நறுமண எண்ணெய்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் சம்பா நெல்லின் இலைநுனி வைக்கோல் நிறத்தில் காய்ந்து ஓரம் ஓரமாகக் கீழிறங்குவதையும், காலையில் பசுமையாக நின்ற கத்தரிச் செடி மதியத்துக்குள் துவண்டு தலைசாய்வதையும் பயிர்த்தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் ஆண்டிலேயே பார்த்துவிடுகிறார்கள். முன்னது சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் இலைக்கருகல். பின்னது ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவால் வரும் வாடல் நோய். பூஞ்சண நோய்களுக்குக் கடையில் வகைவகையாக மருந்து கிடைக்கிறது. பாக்டீரியா நோய்களுக்கு அப்படி இல்லை. காப்பர் ஆக்சிகுளோரைடும், ஸ்ட்ரெப்டோமைசின் – டெட்ராசைக்ளின் கலவையும்தான் நீண்ட காலமாகப் பரிந்துரையில் இருந்து வந்தன. மனித மருத்துவத்துக்கு வேண்டிய நுண்ணுயிர்க்கொல்லிகளை வயலில் கொட்டினால் கிருமிகள் அவற்றுக்குப் பழகிவிடும் என்பதால், அக்கலவையைப் பயிரில் பயன்படுத்துவதை நிறுத்தும் வரைவு ஆணையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. மாற்று வழி தேடுவோர் பலர் நறுமண எண்ணெய்களின் பக்கம் திரும்பியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நறுமண எண்ணெய், நோய் முற்றிய பயிரைக் காப்பாற்றும் மருந்து அன்று. விதையிலும் நாற்றிலும் நடவுக்குழி மண்ணிலும் இருக்கும் கிருமியின் எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே குறைப்பதுதான் அதனால் செய்யக்கூடிய வேலை. இந்த எல்லையை அறிந்து பயன்படுத்துவோருக்கு அது பயன் தருகிறது. அறியாமல் ஏக்கர் கணக்கில் தெளிப்போருக்குப் பணம்தான் போகிறது. கீழ்வரும் படிகள் எல்லாம் இந்தக் கருத்தை ஒட்டியே எழுதப்பட்டவை.

முதற்படி: நோய் பாக்டீரியாவுடையதா என்று உறுதி செய்தல்

இலை காய்வதற்குப் பல காரணங்கள் உண்டு. கடலோர வயல்களில் உப்பு ஏறினாலும் இலைநுனி கருகும். சாம்பல்சத்துக் குறைந்தாலும் இலையோரம் காயும். பாக்டீரியா இலைக்கருகலில், காய்ந்த பகுதிக்கும் பச்சைப் பகுதிக்கும் இடையிலான கோடு அலை அலையாக நெளிந்திருக்கும். விடியற்காலையில் அந்த ஓரத்தில் பால் நிறத் துளிகள் தென்படும். வெயில் ஏறியதும் அவை மஞ்சள் மணிகளாக உலர்ந்துவிடும். ஐயம் தீர வேண்டுமானால் புதிதாகப் பாதிக்கப்பட்ட இலையைப் பச்சையும் காய்ந்ததும் சேரும் இடத்தில் குறுக்காக வெட்டி, தெளிந்த நீர் நிரம்பிய கண்ணாடித் தம்ளரில் வெட்டுமுனை நீரில் படும்படி நிறுத்தி, அசைக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பாக்டீரியா இருந்தால் சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து வெண்புகை போன்ற கசிவு இறங்கும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் வாடலுக்கும் இதே சோதனை பொருந்தும். தரைமட்டத்துக்குச் சற்று மேலே தண்டை அறுத்து, விரல் நீளத் துண்டை நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டால், ரால்ஸ்டோனியா இருக்கும்போது பால் இழைகள் நேராகக் கீழிறங்கும். பூஞ்சணத்தால் வரும் வாடலில் பெரும்பாலும் கீழிலைகள் முதலில் மஞ்சளாகும். தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும், ஆனால் பால் கசியாது. கத்தரியில் தண்டுத் துளைப்பானும் செடியை வாட வைக்கும். ஆகவே தண்டில் ஓட்டையும் புழுவின் எச்சமும் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. இத்தனைக்குப் பிறகும் தெளிவு ஏற்படாவிட்டால் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, புதுச்சேரியில் இருப்பவர்கள் குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ செடியை வேரோடு எடுத்துச் செல்லலாம். சிதம்பரத்தைச் சுற்றியுள்ளவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம் பக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டாம் படி: எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் நறுமண எண்ணெய்கள் அல்ல. அவை விதையை ஆட்டி எடுக்கும், ஆவியாகாத கொழுப்பு எண்ணெய்கள்; அவற்றின் செயல்முறையே வேறு. நறுமண எண்ணெய் என்பது இலை, பட்டை, விதை, மொட்டு ஆகியவற்றை நீராவியில் வடித்து எடுக்கும், எளிதில் ஆவியாகும் பொருள். ஓமத்தில் தைமாலும், கிராம்பில் யூஜினாலும், எலுமிச்சைப்புல்லில் சிட்ராலும், பாமரோசா புல்லில் ஜெரானியாலும், இலவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடும் முதன்மைக் கூறுகளாக இருக்கின்றன. இவை பாக்டீரியாவின் உயிரணுச் சவ்வில் புகுந்து அதைத் தளர்த்துகின்றன. உள்ளே இருக்கும் பொட்டாசியம் முதலியவை வெளியே கசிந்து உயிரணு செயலிழக்கிறது. பயிரைத் தாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை கிராம்-எதிர் வகையைச் சேர்ந்தவை. இவ்வகைக்கு வெளிப்புறத்தில் இன்னொரு சவ்வும் இருப்பதால் எண்ணெய் எளிதில் உட்புகுவதில்லை. தைமால், யூஜினால் போன்ற பீனால் வகைக் கூறுகள் மற்றவற்றை விட இந்தத் தடையை நன்றாகக் கடக்கின்றன. எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் யூகலிப்டஸ் எண்ணெயில் மிகுதியாக இருப்பது சினியோல். பாக்டீரியாவுக்கு எதிராக அதன் ஆற்றல் குறைவு. புதிதாகத் தொடங்குவோர் ஓம எண்ணெய், கிராம்பு எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதை நன்கு பழகிக்கொள்வதே போதுமானது. கடலூர் கடலோர மணற்பாங்கான ஊர்களில் வெட்டிவேர் விளைவதால் அதன் எண்ணெயைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது மெதுவாக வடியும், விலை மிகுந்த எண்ணெய். வாசனைத் தொழிலுக்கு விற்பதே உழவருக்கு வருமானம் தரும்.

வாங்கும்போது கவனம் தேவை. நாட்டு மருந்துக் கடைகளில் தைலம் என்ற பெயரில் விற்கப்படும் குப்பிகளில் சில, நல்லெண்ணெயோ கனிம எண்ணெயோ கலந்த வலிநிவாரணிகள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் காற்றில் வையுங்கள்: தூய ஓம எண்ணெயோ எலுமிச்சைப்புல் எண்ணெயோ பெரும்பாலும் ஆவியாகிவிடும், கொழுப்பு எண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகத் தங்கும். இன்னொரு சோதனை, தம்ளர் நீரில் ஒரு சொட்டு விடுவது. கிராம்பு எண்ணெய் நீரை விடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். மற்ற இரண்டும் மிதக்கும். கிராம்பு எண்ணெய் என்று வாங்கியது மிதந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டிலேயே வடித்துக்கொள்ள நினைப்போர் விளைச்சலைக் கணக்கிட்ட பிறகு இறங்க வேண்டும். ஒரு கிலோ ஓமத்திலிருந்து ஏறத்தாழ 20 முதல் 40 மி.லி. எண்ணெய் கிடைக்கும், ஒரு கிலோ பச்சை எலுமிச்சைப்புல்லிலிருந்து 2 முதல் 5 மி.லி. மட்டுமே வரும். வடிக்கும்போது சேரும் நீரும் மணக்கும் என்றாலும், அதில் கரைந்திருக்கும் எண்ணெய் மிகக் குறைவு. அதை மட்டும் தெளித்து நோயைத் தடுக்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மூன்றாம் படி: கரைசல் தயாரித்தல்

எண்ணெய் நீரில் கலக்காது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் இந்த வேலையில் தோல்விகள் மிகுதியாக நேர்வது இங்கேதான். எண்ணெயை நேராக டேங்க் நீரில் ஊற்றினால் அது மேலே மிதக்கும். தெளிக்கத் தொடங்கும்போது வெறும் நீரும், முடியும்போது கிட்டத்தட்ட முழு எண்ணெயும் வெளியே வரும். கடைசியாக நனைந்த செடிகள் கருகிவிடும். கிராம்பு எண்ணெயைச் சில நாடுகளில் களைக்கொல்லியாகவே விற்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், செறிவு கூடுவது எவ்வளவு ஆபத்து என்பது விளங்கும்.

இதைத் தவிர்க்கப் பால்மமாக்கும் பொருள் ஒன்று வேண்டும். ட்வீன் 80 என்ற பெயரில் கிடைக்கும் பாலிசார்பேட் 80 இதற்கு மிகவும் ஏற்றது. 10 மி.லி. எண்ணெயுடன் 10 முதல் 20 மி.லி. பாலிசார்பேட்டைக் கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டு ஒரே நீர்மமாகும் வரை கலக்குங்கள். பிறகு கலக்கிக்கொண்டே நீரைச் சிறிது சிறிதாக விட்டு அரை லிட்டராக்குங்கள். கரைசல் பாலைப் போல் வெண்மையாகி, மேலே எண்ணெய்க் கண்கள் தெரியாதிருக்க வேண்டும். தெரிந்தால் அதைத் தெளிக்காமல் இன்னும் சிறிது பால்மப் பொருள் சேர்த்து மறுபடி கலக்குங்கள். இந்த அரை லிட்டரை 10 லிட்டர் டேங்கில் ஊற்றி மீதியை நீரால் நிரப்பினால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதாவது லிட்டருக்கு 1 மி.லி. இலையில் தெளிக்க இதுவே தொடக்க அளவு. நாற்று தாங்குகிறது என்று கண்ட பின்னர் லிட்டருக்கு 2 மி.லி. வரை கூட்டலாம், அதற்கு மேல் போக வேண்டாம்.

பூந்திக்கொட்டை ஊறல் நீரும் காதி சோப்பும் சிலருக்குப் பழக்கமானவை. கடலோர ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமாகவும் உப்பாகவும் இருப்பதால் சோப்பு அதில் திரிந்துபோகும், எண்ணெயும் பிரிந்துவிடும். மழைநீரோ வாய்க்கால் நீரோ இருந்தால் மட்டும் சோப்பைப் பயன்படுத்துங்கள். தயாரித்த கரைசலை அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும். தெளிக்கும்போது டேங்கை அவ்வப்போது குலுக்கிக்கொள்வதும் அவசியம்.

நான்காம் படி: விதை

பாக்டீரியா விதையோடு வீட்டுக்குள் வருகிறது என்பதால் முதல் முயற்சி இங்கிருந்தே தொடங்க வேண்டும். தக்காளி, கத்தரி விதைகளுக்கு 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் ஊறவைப்பது நீண்ட காலமாக நிலைபெற்ற முறை. வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. வெந்நீர் முறை கைவராதவர்கள், 0.1 சதவீத ஓம எண்ணெய்ப் பால்மத்தில் விதையை அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் ஒரு முறை அலசி, நிழலில் உலர்த்தலாம்.

முழு விதையையும் நனைப்பதற்கு முன் முளைப்புச் சோதனை கட்டாயம். ஐம்பது விதைகளைப் பால்மத்திலும், ஐம்பது விதைகளை வெறும் நீரிலும் ஊறவைத்து, தனித்தனி ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். பால்மத்தில் ஊறியவற்றின் முளைப்பு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தால் அளவையோ நேரத்தையோ பாதியாக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: பலரும் விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்கிறார்கள். அதுவும் ஒரு பாக்டீரியாவே. நல்லது, கெட்டது என்று எண்ணெய்க்குத் தெரியாது. இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் செலவழித்து வாங்கிய நன்மை தரும் கிருமியை நாமே அழித்ததாகிவிடும். எண்ணெய் நேர்த்தி முடிந்து, விதை உலர்ந்து, மணம் நீங்கிய பிறகு விதைக்கும் நேரத்தில் சூடோமோனாஸைக் கலக்க வேண்டும்.

ஐந்தாம் படி: நாற்றங்கால்

ஒரு ஏக்கர் நடவுக்கு வழக்கமான முறையில் 8 சென்ட் நெல் நாற்றங்கால் போதும். அதற்கு இரண்டு டேங்க், அதாவது 20 லிட்டர் கரைசலும் 20 மி.லி. எண்ணெயும் தேவைப்படும். நட்ட பின் அந்த ஏக்கர் முழுவதற்கும் தெளிக்க 200 லிட்டர் கரைசலும் 200 மி.லி. எண்ணெயும் வேண்டும், எண்ணெய் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடுவதால் அதையே திரும்பத் திரும்பச் செய்யவும் வேண்டியிருக்கும். பத்தில் ஒரு பங்கு செலவில், கிருமி குறைவாக இருக்கும் காலத்திலேயே, கைக்கெட்டும் பரப்பில் வேலை முடிகிறது என்பதால்தான் நாற்றங்காலையே வற்புறுத்துகிறேன்.

தெளிப்பதற்கு முன் ஒரு மூலையில் சில நாற்றுகளில் மட்டும் தெளித்து இரண்டு நாள் கவனியுங்கள். இலைநுனி வெளிறினாலோ பழுப்புப் புள்ளி விழுந்தாலோ அளவைக் குறையுங்கள். தெளிப்பு மாலை ஐந்து மணிக்குப் பிறகு இருக்க வேண்டும். வெயிலில் எண்ணெய் விரைவில் பறந்துவிடும், இலையும் சுடும். மழை வரும் என்று வானம் காட்டினால் ஒரு நாள் தள்ளிப்போடலாம். விதைத்த இரண்டாம் வாரத்தில் ஒரு முறையும், நாற்றுப் பறிப்பதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பு ஒரு முறையும் தெளிப்பது புதியவர்களுக்கு ஏற்ற அட்டவணை. பறித்த நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கிள்ளிய ஒவ்வொரு நுனியும் சாந்தோமோனாஸ் உள்ளே நுழையும் வாசல். எந்த எண்ணெயும் அதை ஈடுசெய்யாது.

காய்கறிக் குழித்தட்டு நாற்றுகளுக்கும் இதே அளவுதான். நிழல்வலைக்குள் காற்றோட்டம் குறைவாக இருந்தால் எண்ணெய் ஆவி தேங்கி இளநாற்றைப் பாதிக்கும் என்பதால் பக்கவாட்டு வலையைத் திறந்து வைத்துத் தெளிக்க வேண்டும்.

ஆறாம் படி: நடவுக்குழி மண்

ரால்ஸ்டோனியா மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்து வேர் வழியாக நுழைவதால் இலையில் தெளித்துப் பயனில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் தக்காளி வாடலுக்காக நடந்த வயல் ஆய்வுகளில், 0.7 சதவீதத் தைமால் கரைசலால் மண்ணை நனைத்து, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைத்து, சில நாட்கள் கழித்து நாற்று நட்டபோது வாடல் கணிசமாகக் குறைந்தது. பாமரோசா எண்ணெயும் அதே வரிசை ஆய்வுகளில் பயன் தந்தது. எண்ணெய் மூடிய மண்ணுக்குள் ஆவியாகப் பரவிக் கிருமியைத் தாக்குகிறது. செடி அப்போது அங்கே இல்லாததால் செறிவைத் துணிந்து கூட்ட முடிகிறது.

இதை வீட்டுத் தோட்டத்திலும் சிறு மேட்டுப்பாத்தியிலும் செய்து பார்க்கலாம். லிட்டர் நீருக்கு 7 மி.லி. ஓம எண்ணெய் என்ற கணக்கில் பால்மம் தயாரித்து, நாற்று வரப்போகும் குழியை நன்கு நனைத்து, பாலித்தீன் தாளால் ஓரங்களை மண்ணிட்டு மூடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தாளை எடுத்து மண்ணைக் கிளறிச் சில நாட்கள் ஆறவிட வேண்டும். எண்ணெய் மிச்சம் இருக்கிறதா என்று அறிய அந்த மண்ணில் சிறிது தண்டுக்கீரை விதையைத் தூவிப் பாருங்கள். கீரை இயல்பாக முளைத்து எழுந்தால் நாற்று நடலாம், முளை சுருங்கினால் இன்னும் காத்திருக்க வேண்டும். எண்ணெய் மண்ணிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையும் குறைத்திருக்கும் என்பதால், நடும்போது குழிக்குக் கைப்பிடி மக்கிய எருவும் சூடோமோனாஸும் இடுவது அவசியம்.

ஏக்கர் கணக்கில் கத்தரி பயிரிடுவோருக்கு இம்முறை செலவுக்குக் கட்டுபடியாகாது. அவர்கள் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்றை வாங்குவதே சரி. சுண்டைக்காயின் வேர் பாக்டீரியா வாடலைத் தாங்கும்.

நிற்கும் நெற்பயிர்

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலையும் இப்பகுதி மறக்கவில்லை. புயற்காற்றில் இலைகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன. மழைத்துளி தெறிப்பிலும் வயல்விட்டு வயல் பாயும் நீரிலும் பாக்டீரியா பரவுகிறது. அத்தகைய நாட்களில் நறுமண எண்ணெயைத் தெளிப்பது வீண் செலவு. வயலில் தேங்கிய நீரை வடித்து, தழைச்சத்து மேலுரத்தை நிறுத்தி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டி இரு வார இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கலாம். வேப்பெண்ணெய் 3 சதவீதம் அல்லது வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதமும் அப்பரிந்துரையில் உண்டு. நோய் வேகமாக ஏறினால் வேளாண் விரிவாக்க மையத்திலோ, புதுச்சேரி உழவர் உதவியகத்திலோ கேட்டு முடிவெடுங்கள். அடுத்த பட்டத்துக்கு ரகத்தையே மாற்றிக்கொள்ளலாம் என்பதும் நினைவிலிருக்கட்டும்: சம்பா மசூரி எனப்படும் பி.பி.டி. 5204 இலைக்கருகலுக்கு எளிதில் ஆட்படும் நெல் ரகம். அதிலேயே எதிர்ப்பு மரபணுக்கள் மூன்றைச் சேர்த்து உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

பாதுகாப்பு

செடியிலிருந்து வந்தது என்பதால் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. செறிந்த எண்ணெய் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் கடுமையாகப் புண்படுத்தும், எளிதில் தீப்பற்றும். அளக்கும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அடுப்பு இருக்கும் இடத்தில் கலக்காதீர்கள். குழந்தைகள் சிறிதளவு விழுங்கினாலும் ஆபத்து என்பதால் பூட்டிய பெட்டியில், பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குப்பியைச் சில எண்ணெய்கள் இளக்கிவிடும். கிராம்பு எண்ணெயின் யூஜினால் மீன்களை மயக்கமடையச் செய்வது. மீன் வளர்ப்புக் குளங்களின் கரையிலும், அவற்றுக்கு நீர் செல்லும் வாய்க்காலிலும் தெளிப்பதோ டேங்கைக் கழுவுவதோ கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்குத் தயாரிப்பது வேறு, பூச்சி, நோய் மருந்து என்று பெயரிட்டு விற்பது வேறு. விற்பனைக்கு 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும்.

கடைசிப் படி: ஒப்பிட்டுப் பார்த்தல்

எந்தப் பாத்தியிலும் ஒரு வரிசையைத் தெளிக்காமல் விடுங்கள். இன்னொரு வரிசையில் எண்ணெய் இல்லாமல் பால்மப் பொருளும் நீரும் மட்டும் தெளியுங்கள். சில பருவங்களில் நோய் தானாகவே குறைந்துவிடும். ஒப்பிட வரிசை இல்லாவிட்டால் அதை எண்ணெயின் வெற்றி என்று எண்ணி அடுத்த ஆண்டும் செலவழிப்போம். தேதி, எண்ணெயின் பெயரும் அளவும், அன்றைய வானிலை, ஒவ்வொரு வரிசையிலும் நோயுற்ற செடிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பத்து நாட்களுக்கு ஒரு முறை குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மூன்று வரிசைகளிலும் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தால், எண்ணெயின் அளவைக் கூட்டுவதற்கு முன் கரைசல் பிரிந்ததா, எண்ணெய் தூயதா, நோயைச் சரியாகக் கண்டறிந்தோமா என்ற மூன்றையும் இதே வரிசையில் சரிபார்க்க வேண்டும்.